சேலைன் துளியை ஏன் எண்ணுகிறார்கள்?

கொழும்பில் டெங்கு ஏறும் மாதங்களில் தவறாமல் வரும் கேள்வி. இம்முறை கேட்டவர் வெள்ளவத்தை வாசகி ஒருவர்: "அண்ணாவுக்கு சேலைன் ஏற்றின தாதி மிஸ் மணிக்கூட்டைப் பார்த்துத் துளி எண்ணினா. பிறகு குழாயில இருக்கிற சில்லை உருட்டிக் குறைச்சும் விட்டா. சோர்ந்து கிடக்கிற ஆளுக்குக் கெதியா ஏத்தினா என்ன?"

டெங்கின் ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும். குறைவாக ஏற்றினால் இரத்த அழுத்தம் விழும். கூட ஏற்றினால் நெஞ்சில் நீர் தேங்கி மூச்சு முட்டும். 50 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் வீதம் என்று வைத்தியர் எழுதினால் மணிக்கு 75 மில்லிலீற்றர். வழமையான செற்றில், அதாவது சேலைன் ஏற்றும் குழாய்த் தொகுதியில், 20 துளி ஒரு மில்லிலீற்றர். பெருக்கி 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 25 துளி.

அதென்ன, எப்போதும் 20 துளி? செற்றுக்குள் துளி விழும் குழாயின் நுனியில் தொங்கும் நீரை அதன் விளிம்பு நெடுகப் பிடித்திருப்பது பரப்பிழுவை. நீரின் நிறை அந்தப் பிடியை மிஞ்சும் கணத்தில் துளி அறுந்து விழுகிறது. விளிம்பு அகன்றால் துளி பெரிது, ஒடுங்கினால் சிறிது. குழாயின் விட்டத்துக்கேற்பத் துளியின் நிறை கூடும் என்று 1864இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் தோமஸ் டேற் எழுதியது இதைத்தான். சில்லை உருட்டினால் துளியின் வேகம்தான் மாறும், பருமன் அநேகமாக அப்படியே இருக்கும். உயர்தரப் பௌதிகவியலில் புள்ளிக்காகப் பாடமாக்கும் சங்கதி, வாட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் தொங்குகிறது!

குழந்தைகளுக்கான செற்றில் நுனி ஒரு மெல்லிய உலோகக் குழாய். ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளி. மணிக்கும் 60 நிமிடம். இரண்டு அறுபதும் வெட்டுப்பட்டுப் போக, மணிக்கு 30 மில்லிலீற்றர் என்றால் நிமிடத்துக்கு 30 துளி. கணக்கே இல்லை. எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஆனால் அதே 30ஐ வழமையான செற்றில் எண்ணிவிட்டால் மணிக்கு 90 மில்லிலீற்றர் ஏறிவிடும், குழந்தைக்கு மூன்று மடங்கு. அதனால்தான் செற்றின் உறையில் அச்சிட்ட துளிக் கணக்கை முதலில் பார்க்கிறார்கள்.

சேலைனைக் குறித்த வேகத்தில் தானே ஏற்றும் பம்ப் இருந்தால் இந்த எண்ணும் வேலை இல்லை. திறப்புவிழாக்களுக்குச் செலவிடும் காசில் இன்னும் நாலு பம்ப் வாங்கலாம் என்பது என் கட்சி.

பப்பாசி இலைச்சாறு டெங்கை மாற்றும் என்பதை நான் நம்பவில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம், மிஸ்ஸுக்குத் தெரியாமல் பருக்குவது. வாயால் குடித்ததும் அந்த மணித்தியாலக் கணக்கில் சேரவேண்டும். இளநீரோ கஞ்சியோ, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். அண்ணா கையை மடித்தாலும் கட்டிலை உயர்த்தினாலும் துளியின் வேகம் மாறும். மிஸ் திரும்பத் திரும்ப வந்து எண்ணுவது அதற்காகத்தான்.