உள்ளார்ந்ததா, உள்ளூறியதா?

தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்புக் கொண்டவர் (தன்பாலீர்ப்பாளர்) அதற்காகத் தன்னையே வெறுப்பதை ஆங்கிலத்தில் ‘இன்டர்னலைஸ்டு ஹோமோஃபோபியா’ என்பார்கள். அதைச் சிலர் ‘உள்ளார்ந்த ஓரினச்சேர்க்கை வெறுப்பு’ என்று எழுதுகிறார்கள். மூன்று சொல்லில் இரண்டு பிழை.

‘ஹோமோஃபோபியா’ அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் வைன்பெர்க் உண்டாக்கிய சொல். கிரேக்கத்தில் ‘ஹோமோ’ என்றால் ஒரே, ‘ஃபோபோஸ்’ என்றால் அச்சம். சேர்த்துப் படித்தால் ‘ஒரே மாதிரியானதைக் கண்டு அச்சம்’ என்றுதான் வரும். இலக்கணப்படி நொண்டிச் சொல். ஆனால் 1972இல் வெளிவந்த நூலில் அவர் தந்த விளக்கம் நொண்டவில்லை: பிறருக்கு, தன்பாலீர்ப்பாளர் அருகில் இருக்க நேரும் அச்சம், தன்பாலீர்ப்பாளருக்கோ, தன்மீதே வெறுப்பு. இந்த இரண்டாவதைத் தனியே சுட்டத்தான் ‘இன்டர்னலைஸ்டு’ என்ற அடைமொழி.

தமிழுக்கு வருவோம். ‘ஓரினச்சேர்க்கை’ மனிதரைப் படுக்கையறையோடு நிறுத்திவிடுகிறது. கைகூடச் சேராமல் காலமெல்லாம் நேசிப்பவர்கள் இல்லையா? ‘தன்பாலீர்ப்பு’ அந்தக் குறை இல்லாதது. ‘உள்ளார்ந்த’ இன்னும் மோசம். உள்ளார்ந்த திறமை என்றால் இயல்பிலேயே அமைந்தது. இந்த வெறுப்போ வெளியிலிருந்து வந்து ஊறியது. மாங்காய் தானே உப்பை உண்டாக்குவதில்லை. ஜாடியில் போட்டவர் தூவியது. ஆகவே நான் எழுதுவது ‘உள்ளூறிய வெறுப்பு’.

எப்படி ஊறுகிறது? திரையில் ஒருவனுடைய நளினமான நடையைக் கேலி செய்யும்போது அரங்கில் உரக்கச் சிரிப்பவன், சில சமயம், அந்தக் கேலிக்கு அஞ்சுபவனாகவே இருப்பான். கடைக் கண்ணாடியைக் கடக்கையில் தன் நடையைச் சரிபார்த்துக்கொள்வான். காதலனின் எண்ணைப் போனில் ஒரு பெண்ணின் பெயரில் சேமித்திருப்பான். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று அம்மா சொல்வதற்கு முன்பே தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

ஒரு வேடிக்கை: ‘என்பால் அன்பு’ என்கிறோமே, அந்தப் ‘பால்’ இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. ‘தன்பால் வெறுப்பு’ என்றால் தன்மீதே கொண்ட வெறுப்பு என்றும் படிக்கலாம். வைன்பெர்க்கின் இரண்டு பாதிகளும் ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன.

எதிர்ச்சொல் ‘தன்னேற்பு’. ‘என்ன செய்வது, இப்படிப் பிறந்துவிட்டேன்’ என்பது சகிப்பு. ஏற்பில் அந்தப் பெருமூச்சு இல்லை. உப்பு ஊறாதவர் யார்? 2021இல் இரு பெண்களின் வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன் புரிதல் போதாது என்று உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குத் தடை விதித்தார். நீதிபதிக்குச் சில வாரங்கள் போதுமானதாக இருந்தது. போனில் அந்தப் பெயரைத் திருத்தி எழுதச் சிலருக்கு ஆண்டுகள் ஆகின்றன.