நட்சத்திரக் கேள்வி: தமிழில் என்ன சொல்லலாம்?

"நட்சத்திரக் கேள்விக்கு உள்துறை அமைச்சர் பதில்" என்ற செய்தியைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பெரிய புள்ளி யாராவது கேட்ட கேள்வியா தம்பி?" அவர் மேல் தப்பில்லை. நமக்கு நட்சத்திரம் என்றால் ஒன்று ஜாதகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் சினிமாவில், அதுவும் இல்லாவிட்டால் ஓட்டல் வாசலில். நாடாளுமன்றத்தில் அதற்கு என்ன வேலை?

விஷயம் சின்னதுதான். உறுப்பினர்கள் எழுதிக்கொடுக்கும் கேள்விகள் பட்டியலாக அச்சாகி வரும்போது, சில கேள்விகளின் எண்ணுக்கு முன்னால் ஒரு * போட்டிருக்கும். அந்தக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. பார்த்தவுடன் தெரியட்டும் என்று மக்களவையில் வாய்மொழிப் பதிலுக்கான பட்டியலைப் பச்சைத் தாளிலும் மற்றதை வெள்ளைத் தாளிலும் அச்சடிப்பது வழக்கம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். மாநிலங்களவையில் 15, 160. எந்தக் கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆக, குறி விழுந்ததால் அது கனமான கேள்வி என்று அர்த்தமில்லை.

இந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் ஆஸ்டெரிஸ்க். கிரேக்கத்தில் 'குட்டி நட்சத்திரம்' என்று பொருள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாய்மொழிப் பதில் வேண்டிய கேள்விக்கு இந்தக் குறியை இடும் பழக்கம் இருந்தது. நம் அவைகள் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டன. கேள்வி கேட்கும் உரிமையே இங்கே 1892 கவுன்சில் சட்டத்தில்தான் கிடைத்தது. பதிலைக் கேட்டுவிட்டு மேலே ஒரு கேள்வி போடும் உரிமை, அதாவது துணைக் கேள்வி, 1909இல் வந்தது. அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும்.

அந்தத் துணைக் கேள்வியில்தான் நட்சத்திரத்தின் உயிர் இருக்கிறது. அவையில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். அவைத்தலைவர் பெயரைக் கூப்பிட்டதும் உறுப்பினர் எழுந்து "கேள்வி எண் 61" என்கிறார். கேள்வியைப் படிப்பதில்லை. அமைச்சர் எழுந்து "அறிக்கை அவை மேசையில் வைக்கப்படுகிறது" என்கிறார். அவரும் பதிலைப் படிப்பதில்லை. எழுதிவந்த கேள்வியும் எழுதிவந்த பதிலும் இப்படிக் கைமாறி முடிந்தபிறகு உறுப்பினர் துணைக் கேள்வி ஒன்று போடுகிறார். அதற்கு அதிகாரிகள் தட்டச்சு செய்து தந்த தாள் கிடையாது. கேட்டவருக்கு இரண்டு வாய்ப்பு, பிறகு மற்றவர்கள். உதாரணத்துக்கு, 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் போட்ட பணத்தைப் பற்றிய கேள்விகள் மக்களவையில் கிளம்பின. அது விசாரணை ஆணையம் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியதில் முடிந்தது.

குறி இருந்தும் வாய்மொழிப் பதில் கிடைக்காமல் போவது தினசரிக் கதை. கேள்வி நேரம் எனப்படும் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்வி தாண்டுவதே பாடு. மிச்சமெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இதுதான் முதல் முறை என்று செய்தி போட்டார்கள். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன.

உள்நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு பற்றிய கேள்விகள் உள்துறைக்குப் போகும். மக்களவையில் அதற்குச் செவ்வாய், மாநிலங்களவையில் புதன். இந்தப் பதில்களில் பலவற்றுக்கு ஒரே தொடக்கம்தான்: "அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநில அரசுகளின் பொறுப்பு." இது உண்மைதான். மாநிலப் பட்டியலில் 1, 2 ஆம் இனங்கள் அவை. உள்ளாட்சி 5 ஆம் இனம், ஆகவே பஞ்சாயத்தைப் பற்றிக் கேட்டாலும் இதே வழியில் நழுவலாம். டெல்லி விஷயத்தில் மட்டும் அந்தக் கதவு மூடியிருக்கிறது. டெல்லி காவல்துறை உள்துறைக்குக் கீழே இருக்கிறது. மூன்றாகக் கிடந்த டெல்லி மாநகராட்சியை ஒன்றாக்கிய 2022 சட்டத்தைக் கொண்டுவந்ததும் உள்துறைதான். அங்கே அமைச்சர் விவரம் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய இடம். வினா ஆறு வகை, விடை எட்டு வகை. "ஆடுவாயா?" என்றால் "பாடுவேன்" என்பது இனமொழி விடை. கேட்டதற்கு நேராகச் சொல்லாமல் அதன் பக்கத்தில் இருப்பதைச் சொல்வது. ஏழாவது அட்டவணைப் பதிலை நான் அந்த வகையில்தான் சேர்ப்பேன். "இது அரசுக்குத் தெரியுமா, தெரியுமெனில் விவரம் என்ன, இல்லையெனில் காரணம் என்ன" என்று (அ), (ஆ), (இ) போட்டு வரும் கேள்விகளில் பாதி அறிவினா. பதில் தெரிந்துகொண்டே கேட்பது. தொல்காப்பியம் இதற்கு முன்பே "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்று விதி போட்டது. கேள்வியும் பதிலும் பிசகாமல் பார்த்துக்கொள் என்பது பொருள். பதிலுக்கு அங்கே பெயர் செப்பு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நட்சத்திரம் வடசொல் என்று விலக்கிவிட்டு 'உடுக்குறி வினா' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உடு என்றால் விண்மீன். அழகான சின்னச் சொல். ஆனால் வடமொழியிலும் 'உடு' நட்சத்திரம்தான், சந்திரனுக்கு உடுபதி என்ற பெயரே உண்டு. தமிழ்ப் பேரகராதியும் வடமொழியைத்தான் கைகாட்டுகிறது. ஐயத்துக்கு இடமில்லாத சொல் வேண்டுமென்றால் மீன் இருக்கிறது. மின்னுவதால் மீன். சங்கப் பாட்டில் அருந்ததி வடமீன், நட்சத்திரங்கள் நாண்மீன், கோள்கள் கோண்மீன். அதற்காக 'மீன் வினா' என்று எழுதினால் மீன்வளத்துறைக்குப் போய்விடும். 'விண்மீன் குறியிட்ட வினா' என்று முழுக்க எழுதலாம், பிழையில்லை. ஆனால் எங்கள் தெருப் பெரியவருக்கு அதுவும் புரியாது.

சிக்கல் எங்கே என்றால், இவை எல்லாமே தாளில் இருக்கும் குறியை மொழிபெயர்க்கின்றன. கேள்வியின் வேலையைச் சொல்வதில்லை. இலங்கை நாடாளுமன்றத்தின் ஹன்சாட்டில், அதாவது அவை நடவடிக்கைப் பதிவில், தமிழ்த் தலைப்பு "வினாக்களுக்கு வாய்மூல விடைகள்" என்று இருக்கும். நட்சத்திரமும் இல்லை, மீனும் இல்லை. என்ன நடக்கிறதோ அதுவே பெயர். நமக்கு 'வாய்மூலம்' கொஞ்சம் அந்நியமாகத் தோன்றலாம், 'வாய்மொழி' பழக்கம். எனவே நான் எழுதுவது 'வாய்மொழி விடை வினா'. மற்றது 'எழுத்து விடை வினா'. 'வாய்மொழி வினா' என்று சுருக்கக் கூடாது. கேள்வி எழுத்தில்தான் போகிறது, பதில்தான் வாயிலிருந்து வர வேண்டும். 'நேர்விடை வினா' என்றும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். நன்னூலில் நேர் விடை என்றால் "ஆமாம்" என்று ஒப்புக்கொள்வது. அமைச்சர்களிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது என்பதால் அடித்துவிட்டேன்.