மேட் என்றால் மங்கலா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் தங்கச்சி மகன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். கடையில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையின் தலைப்பு, 'மங்கல் சாயப் பராமரிப்பு'. ஆங்கிலத்தில் 'மேட்' (matte) என்கிற பளபளக்காத பூச்சைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். இந்த 'மங்கல் சாயம்' எனக்குப் புதிதில்லை. கடைப் பலகையில் பார்த்திருக்கிறேன், விளம்பரத்தில் கேட்டிருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. வண்டியைக் கழுவக் கொடுத்த இடத்தில் எண்ணெய் (பெட்ரோல்) டாங்கிக்கு மெழுகு போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டார்கள். "மங்கல் சாயம்னு சொன்னேன் மாமா, அதான் பாலிஷ் போட்டுட்டாங்க" என்று வந்து நின்றான். கரிய டாங்கியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு, வழுக்கை விழுந்தது போல.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'மேட்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பழைய பிரெஞ்சில் அதற்குச் சோர்ந்தது, வாடியது என்றெல்லாம் பொருள். சதுரங்கத்தில் அரசனை மடக்கும்போது சொல்லும் 'மாட்' வழியாக வந்தது என்பார் சிலர், லத்தீன் என்பார் வேறு சிலர். தரையில் விரிக்கும் 'மேட்' வேறு சொல். ஆகவே 'பாய்ச் சாயம்' என்று யாராவது எழுதினால் சிரித்துவிட்டுப் போகலாம்.

மங்கலைத்தான் அப்படி விட முடியாது. தமிழில் மங்குவது என்றால் முன்பு இருந்த ஒளி குறைவது. பார்வை மங்கும், விளக்கு மங்கும், வெயிலில் காயப்போட்ட சட்டை மங்கும். மங்கு என்றாலே பாதிப் பேருக்கு மங்கு சனிதான் நினைவுக்கு வரும். கெட்டுப்போன ஒன்றின் பெயர் அது. கெட்டுப்போனதைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மெழுகைத் தேடத்தான் செய்யும். மலாய்க்காரர்களின் 'குசாம்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. முகப்பூச்சு விளம்பரத்தில் பொலிவிழந்த தோலுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கிருந்து அப்படியே இறக்கிக்கொண்டார்களோ என்னவோ.

மேட் பூச்சில் எதுவும் மங்கவில்லை. நிறத்தின் மேல் அடிக்கும் தெளிபூச்சில் சிலிக்கா போன்ற நுண்துகளைக் கலக்கிறார்கள். காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளமாக நிற்கும். விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சிதறும். அதனால்தான் முகம் தெரிவதில்லை. மெழுகு பள்ளத்தை நிரப்பும், பாலிஷ் மேட்டைச் சிராய்த்துச் சமமாக்கும். மெழுகையாவது பாடுபட்டுக் கழுவி எடுக்கலாம். மேடு தேய்ந்துவிட்டால் திரும்ப வராது, மறுபடி சாயம் அடிக்க வேண்டியதுதான். முழங்கால் உரசும் இடம் நாளடைவில் மினுங்குவதும் இதனால்தான்.

'பளபளப்பற்ற' என்று எழுதுகிறவர்களை அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். பொருள் சரி. ஆனால் அறிவற்ற, பண்பற்ற என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு 'அற்ற' வந்தாலே ஏதோ குறை போலத் தோன்றும். டப்பாவில் அச்சடிக்கவும் நீளம். ஒலியொப்புமைக்காக 'மட்டச் சாயம்' என்று ஒருவர் சொல்லிக் கேட்டேன். நல்லவேளை, வண்டி விற்பவர் காதில் அது விழவில்லை.

என் சொல் 'மின்னாப் பூச்சு'. வாடா மலர், அணையா விளக்கு என்பதைப் போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வாடாதது, அணையாதது என்னும்போது அது அந்தப் பொருளின் இயல்பு, பெருமையும்கூட. (ஓடாக் குதிரையும் அதே இலக்கணம்தான், அங்கே பெருமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) மின்சாரத்தோடு குழப்பிக்கொள்வார்கள் என்றார் ஒரு நண்பர். மின்மினியைப் பார்த்து யார் மின்சாரத்தை நினைக்கிறார்கள்?

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுகிறார்கள், பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நம் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய் வந்த மரத்துக்குச் 'செம்பனை' என்று பெயர் வைத்தவர், அந்தச் சிவந்த பழக்குலையைப் பார்த்திருப்பார். தமிழ்நாட்டார் 'எண்ணெய்ப் பனை' என்று எழுதும்போது நமக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது. அப்படி மரத்தைப் பார்த்துப் பெயர் வைத்த ஊரில், டாங்கியை ஒரு தடவை தடவிப் பார்க்க ஆளில்லை.

துண்டறிக்கை சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். மின்னாப் பூச்சுக்கு மெழுகும் பாலிஷும் ஆகாது. காரமும் அமிலமும் இல்லாத சோப்புநீரால், மென்துணி கொண்டு, நிழலில் கழுவ வேண்டும். பறவை எச்சம் பட்டால் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. எண்ணெய் ஊற்றும்போது சிந்தினால் உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் 'மங்கல்' என்ற தலைப்பின் கீழ் எழுதி என்ன பயன்?

அப்புறம், டாங்கியைக் கழற்றிச் சாயம் அடிக்கிற சீனர் கடைக்குக் கொண்டு போனோம். என்ன சாயம் வேண்டும் என்று கேட்டார். மலாயில் மின்னலுக்கும் பளபளப்புக்கும் 'கிலாட்' என்ற ஒரே சொல்தான். பையன் "தாக் கிலாட்" என்றான். மின்னாதது. அவர் தலையாட்டிவிட்டு டாங்கியை உள்ளே எடுத்துப் போனார்.