அண்மை அயலகம்: ரஷ்யாவின் ‘பிளீஷ்னியே ஸருபேஷியே’

ரஷ்யாவின் வெளியுறவைப் பற்றிய செய்திகளில் ‘நியர் அப்ராட்’ என்ற தொடர் அடிக்கடி தலைகாட்டும். ‘பிளீஷ்னியே ஸருபேஷியே’ என்ற ரஷ்யத் தொடரின் ஆங்கில வடிவம் அது. தமிழில் இதைப் பெரும்பாலும் ‘அண்டை நாடுகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி எழுதினால் செய்தியின் பொருளே மாறிப்போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரஷ்யாவோடு நில எல்லை உள்ள நாடுகள் 14. இந்தத் தொடருக்குள் அடங்கும் நாடுகளும் 14தான். ஆனால் இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருப்பவை எட்டே எட்டு. நார்வே, பின்லாந்து, போலந்து, மங்கோலியா, சீனா, வடகொரியா ஆகியவை ரஷ்யாவின் எல்லையில் இருந்தாலும் இதில் சேராது. மால்டோவா, ஆர்மேனியா, உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் ஆகிய ஆறுக்கும் ரஷ்யாவோடு ஓரடி எல்லைகூடக் கிடையாது. ஆனால் இவை சேரும். மால்டோவாவிலிருந்து ரஷ்யாவுக்குத் தரைவழியே போக வேண்டுமானால் இடையில் உக்ரைனையோ வேறு நாடுகளையோ கடந்தாக வேண்டும். அப்படியும் அது ‘அருகில்’தான். ஆக, இங்கே அருகு என்பது கிலோமீட்டர் கணக்கில் வருவதில்லை. 1991 வரை மாஸ்கோவின் ஆட்சிக்குள் இருந்தவை, இன்று தனி நாடுகளாக இருப்பவை: அவ்வளவுதான் இதன் வரையறை.

மூலச்சொல்லைப் பார்ப்போம். ‘பிளீஷ்னியே’ என்றால் அருகிலுள்ள என்று பொருள். பிறனை நேசி என்று விவிலியம் சொல்லும் இடத்தில், அந்தப் ‘பிறன்’ என்பதற்கு ரஷ்ய விவிலியத்தில் நிற்பதும் இதே அடிச்சொல்தான். வெறும் தூரத்தை மட்டும் சொல்லாமல் ஓர் உறவு முறையையும் அது மனத்தில் எழுப்புகிறது. ‘ஸருபேஷியே’ இன்னும் சுவையானது. ‘ஸா’ என்றால் அப்பால், ‘ருபேஷ்’ என்றால் எல்லை. ருபேஷின் வேர் ‘ரூபித்’, அதாவது வெட்டு என்ற வினை. ரூபிள் நாணயத்தின் பெயரும் வெள்ளிப் பாளத்தை வெட்டி எடுத்ததால் இதே வேரிலிருந்து வந்தது என்பார்கள். வெட்டிக் குறித்த எல்லைக்கு அப்பால் பரந்து கிடக்கும் நிலம், அதுவே ஸருபேஷியே. 1917 புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய ரஷ்யர்களின் உலகத்தை ‘ரூஸ்கொயே ஸருபேஷியே’ என்பது வழக்கம். எனவே நிலத்தோடு, வெளியே வாழும் நம்மவர் என்ற நினைப்பும் இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தபோது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் வீட்டைவிட்டு நகராமலேயே வெளிநாட்டவர் ஆனார்கள். நேற்றுவரை கியேவுக்கோ தாஷ்கெண்டுக்கோ ரயிலேறிப் போய்வந்தவர்களுக்கு அதைப் பிரான்சைப் போன்ற வெளிநாடு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தடுமாற்றத்தில் பரவிய தொடர்தான் இது. பிரான்சும் ஜப்பானும் ‘தொலை அயலகம்’ ஆயின. எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் ரஷ்ய மொழி பேசுவோரில் பலர் குடியுரிமை இல்லாமல் நின்றதும் உண்மைதான். அந்த மக்களின் கவலை நியாயமானது. அந்தக் கவலையைச் சாக்காக வைத்து மாஸ்கோ செய்தது வேறு கதை.

1992 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மாநாடு கூடியது. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் ஆந்த்ரே கோஸிரெவ் மேற்குலகோடு இணக்கம் பேசுபவர் என்று பெயர் வாங்கியவர். அன்று மேடையேறி எல்லோரையும் திடுக்கிட வைத்தார். முன்னாள் சோவியத் நிலப்பரப்பில் இந்த மாநாட்டின் நெறிகள் முழுமையாகச் செல்லாது, அங்கே ராணுவ வழி உட்பட எல்லா வழிகளிலும் ரஷ்யா தன் நலனைக் காக்கும், பழைய குடியரசுகள் தாமதிக்காமல் புதியதொரு கூட்டாட்சியில் சேர வேண்டும் என்றார். அவையில் கலவரம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் லாரன்ஸ் ஈகிள்பர்கர் அவரைத் தனியே பிடித்து விசாரித்தார். சற்று நேரத்தில் கோஸிரெவ் மறுபடி மேடைக்கு வந்து, முன்பு பேசியது தன் கருத்தல்ல, ரஷ்யாவில் தங்களை எதிர்க்கும் அணியினர் ஆட்சிக்கு வந்தால் ரஷ்யா எப்படிப் பேசும் என்று காட்டவே அப்படிச் செய்தேன் என்று விளக்கினார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். இந்த நிகழ்ச்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அவர் எச்சரிக்கையாகச் சொன்னதில் பெரும்பகுதி பிறகு அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. அதற்கு எதிரணி ஆட்சிக்கு வரவும் தேவைப்படவில்லை: 1993 பிப்ரவரியிலேயே அதிபர் யெல்ட்சின், முன்னாள் சோவியத் பகுதியில் அமைதிக்குப் பொறுப்பாளியாக ரஷ்யாவுக்கு ஐ.நா. தனி அதிகாரம் தர வேண்டும் என்று கேட்டார்.

அப்புறம் நடந்தவை தெரிந்தவைதான். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் திரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் 1992 போருக்குப் பின் தங்கிய ரஷ்யப் படை, 1999 இஸ்தான்புல் மாநாட்டில் வெளியேறுவதாக வாக்குக் கொடுத்தும் இன்னும் முழுதாக வெளியேறவில்லை. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு ஒசேத்தியா பகுதியில் மக்களுக்கு ரஷ்யக் கடவுச்சீட்டு வழங்கினார்கள். 2008 ஆகஸ்ட் போரில், எங்கள் குடிமக்களைக் காக்க வந்தோம் என்று அதையே காரணம் காட்டினார்கள். ஐந்தே நாளில் போர் முடிந்தது. அதே மாதம் 31ஆம் தேதி அதிபர் மெத்வெதெவ், ரஷ்யாவுக்குத் ‘தனிச்சலுகை நலன்கள்’ உள்ள பகுதிகள் உண்டு என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். 1994இல் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணுஆயுதங்களைக் கைவிட ஒப்புக்கொண்டு, பதிலுக்கு எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிடமும் கையெழுத்து வாங்கியது. 2014இல் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 24இல் முழுப் படையெடுப்பு. அணுஆயுதத்தைக் கைவிடும்படி இனி எந்த நாட்டிடம் எந்த முகத்தோடு கேட்பது? உலகப் பாதுகாப்புக்கு நேர்ந்த கேடுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

நேட்டோ தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்பது ரஷ்யா சொன்ன காரணம். ஆனால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் ரஷ்யாவோடு எல்லை உள்ள பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. 2024 மார்ச்சில் ஸ்வீடனும் சேர்ந்தது. ‘அண்மை’ நாடுகளும் விலகத் தொடங்கின. 2022 ஜூனில் சென்ட் பீட்டர்ஸ்பர்க் பொருளாதார மாநாட்டில், மேடையில் புதின் இருக்கும்போதே, உக்ரைனின் தொனெத்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடாக ஏற்க மாட்டோம் என்று கஜகஸ்தான் அதிபர் தொகாயெவ் சொன்னார். 2023 செப்டம்பரில், ஆர்மேனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக் பகுதியை அஜர்பைஜான் கைப்பற்றியபோது அங்கிருந்த ரஷ்ய அமைதிப்படை அதைத் தடுக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். மறு ஆண்டே ஆர்மேனியா, ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. இத்தனைக்கும் பிறகும், 2023 மார்ச் 31இல் வெளியான ரஷ்ய வெளியுறவுக் கொள்கை ஆவணத்தின் வட்டாரப் பகுதியில் முதல் தலைப்பு ‘பிளீஷ்னியே ஸருபேஷியே’தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘அண்டை நாடுகள்’ பொருந்தாது என்பதைப் பார்த்தோம். ‘செல்வாக்கு மண்டலம்’ வேறொரு கருத்து. அது எந்த வல்லரசுக்கும் பொருந்தும். ‘கொல்லைப்புறம்’ என்றால் அந்த நாடுகளை நாமே இழிவுபடுத்துவதாகும். ‘அண்மை வெளிநாடு’ சரியான நேர்பெயர்ப்பு, ஆனால் ஒருமையில் ஒரே நாட்டைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. எனக்குப் பிடித்தது ‘அண்மை அயலகம்’. அயல் என்பதற்குத் தமிழில் இரண்டு பொருளும் உண்டு. அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் வெளிநாடு. இலங்கையில் அயலவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான். அருகும் அந்நியமும் ஒரே சொல்லில் இருப்பதால் ரஷ்யச் சொல்லின் இரட்டைத்தன்மை இதில் அப்படியே வந்துவிடுகிறது. அயலகத் தமிழர் என்று தமிழ்நாட்டு அரசே வழங்குவதால், வெளியே வாழும் நம்மவர் என்ற சாயலும் கூடவே வருகிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இது மாஸ்கோவிலிருந்து பார்ப்பவர் வைத்த பெயர். லித்துவேனியத் தலைநகர் விலினியஸிலோ ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியிலோ இருப்பவர் தன் நாட்டை யாருடைய அயலகமாகவும் நினைப்பதில்லை. லித்துவேனியாவும் லாத்வியாவும் எஸ்தோனியாவும் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் இருக்கும் நாடுகள். ஆகவே ரஷ்ய அரசின் கூற்றைச் சொல்லும்போது மேற்கோள் குறிக்குள் ‘அண்மை அயலகம்’ என்று எழுதலாம். நம் குரலில் எழுதும்போது ‘முன்னாள் சோவியத் நாடுகள்’ போதும். ஒரே நாட்டைப் பற்றிய செய்தியாக இருந்தால் அதுவும் வேண்டாம். மால்டோவா என்றோ ஜார்ஜியா என்றோ அந்த நாட்டின் பெயரையே எழுதிவிடலாம்.