ஒயரில் புதிதாக வந்தவர் யார்?

கட்டடப் பராமரிப்பில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “புது ஏசி கன்ட்ரோலர் மாட்டி கரண்ட் கொடுத்தாச்சு. லைட்டும் எரியுது. ஆனா கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்ல வரவே மாட்டேங்குது. ஏன் சார்?”

பல கம்பெனிக் கருவிகள் ஒரே கட்டடத்தில் பேசிக்கொள்ள பேக்நெட் என்ற நெறிமுறை இருக்கிறது. அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற ஏசி-குளிரூட்டல் பொறியாளர் சங்கம் 1987-இல் இதற்காகக் குழு அமைத்தது; தரமாக வெளிவந்தது 1995-இல். குழுவை வழிநடத்தியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் நியூமன். இத்தகைய கமிட்டி வேலைக்கு உடனே லாபமோ பேரோ கிடையாது. நம் பல்கலைக்கழகங்களும் இதற்கெல்லாம் ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் செய்கிற வேலை எளிது. “யாரெல்லாம் இருக்கீங்க?” என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு செய்தி விடும். ஒவ்வொரு கருவியும் தன் எண்ணைச் சொல்லி “நான் இருக்கேன்” என்னும். அந்த எண் கட்டடம் முழுக்க ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு கருவிக்கு ஒரே எண் வைத்தால் குழப்பம்தான்.

ஆனால் பதில் சொல்ல முதலில் வாய்ப்பு வர வேண்டுமே! ஏசி கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் ஆர்எஸ்-485 என்ற இரட்டை ஒயரில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். அதனால் பட்டிமன்ற மைக் மாதிரி ஒரு டோக்கன் கைமாறிக்கொண்டே இருக்கும். அது வந்தவர்தான் பேசலாம்.

டோக்கன் தொலைந்துபோனால்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒயர் 500 மில்லிநொடி அமைதியாக இருந்தால், ஒவ்வொரு கருவியும் தன் ஒயர் முகவரியை (முன்பு சொன்ன எண் வேறு; இது கருவியின் சுவிட்சில் வைக்கும் சின்ன எண்) பத்தால் பெருக்கி அத்தனை மில்லிநொடி கூடுதலாகக் காத்திருக்கும். முகவரி 3 என்றால் 530-இல் வாய் திறக்கும். 9 என்றால் 590 வரை பொறுக்கும். 3 பேசியதைக் கேட்டதுமே 9 அடங்கிவிடும். தலைவர் கிடையாது, தேர்தல் கிடையாது, சண்டையும் கிடையாது. சுவிட்சில் வைத்த ஒரு சின்ன எண்ணே பஞ்சாயத்தை முடித்துவிடுகிறது.

புதியவரைத் தேடுவதும் டோக்கன் வைத்திருப்பவர் பொறுப்புதான். முகவரி வரிசையில் 5-க்கு அடுத்தவர் 9 என்றால், 50 முறை டோக்கன் கைக்கு வந்தபின் 5 ஒருமுறை “6, இருக்கியா?” என்று கேட்கும். பதில் இல்லையென்றால் அடுத்த முறை டோக்கன் வரும்போது 7, அதற்கடுத்த முறை 8. வரிசையில் கடைசியாக இருப்பவர் தனக்கு மேலே எதுவரை தேடுவது? ‘மேக்ஸ் மாஸ்டர்’ என்ற அமைப்பில் உள்ள எண் வரை. அதிகபட்சம் 127.

வாசகரின் சிக்கல் இங்கே இருக்கலாம். வேகம் கிடைக்கட்டும் என்று யாரோ அதை 31-ஆகக் குறைத்திருப்பார்கள். புதுக் கருவிக்கு முகவரி 40. இருக்கிறவர்களில் பெரிய முகவரி 20 என்று வையுங்கள். அது 31-க்கு மேல் கேட்கவே கேட்காது. 40-க்கு ஒயரில் நடப்பதெல்லாம் காதில் விழும். ஆனால் யாரும் கூப்பிடாததால் வாயே திறக்காது. பேனலில் எலுமிச்சம்பழம் கட்டினாலும் இதே கதைதான்.

முதலில் புதுக் கருவியின் பாட் வேகமும் (ஒயரில் தகவல் அனுப்பும் வேகம்) மற்றவர்களுடையதும் ஒன்றா, அதே முகவரி வேறு எதிலும் இல்லையா என்று பாருங்கள். பிறகு 20-இல் மேக்ஸ் மாஸ்டரை 127-ஆக்குங்கள். 50 சுற்று காத்திருந்து, பிறகு 21 முதல் 40 வரை சுற்றுக்கு ஒன்றாகத் தேட ஏறக்குறைய 70 சுற்று வரை ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள்.