முலாம் தொட்டிக்கும் ஓவனுக்கும் இடையே நான்கு மணி நேரம்

ராணுவ வாகனத்துக்கான பாகம் ஒன்றை அசெம்பிள் செய்துகொண்டிருந்தோம். சனிக்கிழமை மாலை டார்க் ரென்ச்சால் முறையாக முடுக்கிய எட்டு போல்ட்களில் ஒன்றின் தலை, திங்கள் காலை தரையில் கிடந்தது. இடையில் யாரும் அதைத் தொடவே இல்லை.

விசாரித்தால், ஒவ்வொரு துறையும் தன் கையிலிருந்த தாளின்படி சரியாகத்தான் செய்திருந்தது. வலிமை போதவில்லை என்று டிசைன்காரர்கள் டிராயிங்கைத் திருத்தி, கடினத்தை ராக்வெல் சி அளவுகோலில் 36-லிருந்து 42-க்கு ஏற்றியிருந்தார்கள். பர்சேஸ் பழைய ஆர்டரின் வாசகத்தையே போட்டு காட்மியம் முலாமுக்கு அனுப்பியது. முலாம்காரர் ஆர்டரில் இருந்தபடி பூசிக் கொடுத்தார். கியூசி (தரச் சோதனைப் பிரிவு) முலாமின் தடிமன், எஃகின் கடினம் இரண்டையும் அளந்தது, சரியாக இருந்தன. இழுவைச் சோதனையிலும் பாஸ்.

விட்டுப்போனது பேக்கிங் (baking), அதாவது முலாம் பூசியபின் ஓவனில் சூடேற்றி, உள்ளே புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்றும் வேலை. அமிலத்தில் கழுவும்போதும் மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மிருதுவான எஃகு தாங்கிக்கொள்ளும். கடின எஃகு அப்படியில்லை. முடுக்கிய நிலையில் நிற்கும்போதே சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பட்டென்று ஒடியும். இழுவைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் அதில் பிடிபடாது. இதற்கென்றே உள்ள சோதனையில் 200 மணி நேரம் சுமையில் நிறுத்திப் பார்ப்பார்கள். அதனால்தான் முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைக்கச் சொல்கிறது எங்கள் ஸ்பெக். கடினம் 40-ஐத் தாண்டினால் இது கட்டாயம் என்பது டிசைனுக்குத் தெரியும். பர்சேஸுக்கு 42 வெறும் எண்.

சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்தபின், பம்பும் கார் பாகமும் செய்துவந்த பட்டறைகளும் இந்த வேலைக்குள் வருகின்றன. அங்கே பல துறைகளை ஒருங்கிணைக்கும் பொறியாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: டிராயிங்கில் ஒரு எண் மாறினால், அந்தப் பாகம் போகும் வழி முழுக்க ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நான் போனபோதுதான் தெரிந்தது, முலாம் பட்டறையில் ஓவனே இல்லை. எங்கள் ஓவன் 30 கிலோமீட்டர் தள்ளி. டிரைவர் சாப்பிட வண்டியை நிறுத்தி, அப்புறம் கேட்டில் பில்லுக்குக் காத்திருந்தால் 4 மணி நேரம் போய்விடும்.

இப்போது ஓவன் உள்ள பட்டறைக்கு மாற்றிவிட்டோம். பாகத்தோடு கூடவே போகும் ரூட் கார்டில், தொட்டியிலிருந்து எடுத்த நேரம், ஓவனில் வைத்த நேரம் இரண்டையும் ஒரே ஆள் எழுதுகிறார். இடைவெளி தாண்டினால் அந்த லாட் முழுக்க நிராகரிப்பு. தாமதமாகச் சூடேற்றி ஒப்பேற்ற யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும்.