பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போனால்

அச்சகம் நடத்தும் ஒருவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார். கையில் துணிப்பை, உள்ளே ரப்பர் பேண்டு போட்ட பில் கட்டுகள். அவருடைய வேலையில் பாதிக்கு மேல் கொடுத்துவந்த ஒரே வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொண்டுவிட்டார். யோசனை கேட்க வந்ததாகச் சொன்னார். ஆனால் முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"விலையைப் பத்து சதவீதம் குறைச்சா புது ஆளுங்க வந்துடுவாங்க சார். அதுவரைக்கும் சமாளிக்க ஒரு கடன். கணக்கை மட்டும் தயார் பண்ணிக் கொடுங்க."

சிறுதொழில் கணக்குகளைப் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. அடி விழுந்ததும் முதலில் விலையில் கை வைப்பார்கள், அடுத்தது கடன். விழுந்த அடியைவிட, அந்தப் பதற்றத்தில் எடுத்த முடிவுகளால் நொடித்துப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் விலைக் கணக்கு. 100 ரூபாய்க்கு விற்கும் வேலையில் காகிதம், மை, கூலி போக 30 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலையை 90 ஆக்கினால் நிற்பது 20. முன்பு 100 வேலையில் கிடைத்ததைப் பார்க்க இனி 150 வேலை செய்ய வேண்டும். இருக்கிற வேலையே பாதியாகிவிட்ட நேரத்தில் அதற்கு எங்கே போவது? கால்குலேட்டரை வாங்கித் தானே இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் 13 கோடுகள் போட்டோம். வாரத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று மாதம். ஒவ்வொரு வாரமும் கைக்கு வரும் பணம், கையை விட்டுப் போகும் பணம், மிச்சம். லாபக் கணக்கில் பில் போட்ட அன்றே விற்பனை ஏறிவிடும், பணம் வருவது பிறகுதான். சம்பளத்தை பில்லாகக் கொடுக்க முடியுமா? மெஷினுக்கு வாங்கிய கடனில் கட்டும் அசலும் லாப நட்டக் கணக்கில் செலவாக வராது, ஆனால் கையிலிருந்து போகும். லாபம் காட்டும் தொழில்கூட காசில்லாமல் தவிப்பது இப்படித்தான். அவருக்கு ஆறாவது வாரத்தில் மிச்சம் சைபருக்குக் கீழே போனது. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் "எல்லாம் போச்சு" என்று வந்தவருக்கு, இன்னும் ஐந்து வாரம் கையில் இருக்கிறது என்றதும் குரலே மாறியது.

பணம் வராத பில்களை, போட்டு எத்தனை நாள் ஆனது என்று பார்த்து, 30 நாளுக்குள், 60, 90, அதற்கும் மேல் என்று பிரித்தோம். 90 தாண்டிய கட்டுதான் கனமாக இருந்தது. "கேட்டா தப்பா நினைப்பாங்க" என்று விட்டுவைத்தவை. கடன் கேட்கக் கூச்சமில்லை, வரவேண்டியதைக் கேட்கத்தான் கூச்சம்! பாக்கி பழசாக ஆக வசூலாவதும் கடினம். என் மேசையிலிருந்தே மூன்று பேருக்குப் போன் போடச் சொன்னேன். ஒருவர், "பில்லே வரலையேங்க" என்றார். பில் துணிப்பையில் இருந்தது.

கடன் கொடுத்தவர்களிடம் தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு கேட்பதைவிட, முன்கூட்டிக் கேட்டால் கெடு நீட்டிப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். வீட்டுச் சேமிப்பில் கை வைப்பதாக இருந்தால் எவ்வளவு வரை என்று எழுதி, வீட்டிலும் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்வதைத்தான் யாரும் செய்வதில்லை.

சரி, போன வேலைக்குப் பதில்? பிளே-டோ என்ற விளையாட்டு மாவு முதலில் சுவரொட்டுத் தாளில் படிந்த கரியைத் துடைக்கும் பசை. அமெரிக்காவில் வீடுகளைச் சூடாக்க நிலக்கரி எரிப்பது குறைய, பசைக்கு வேலை இல்லாமல் போனது. குழந்தைகள் அதை வைத்து உருவம் செய்வதை ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை கண்டுகொள்ள, அதே மாவு சிறு மாற்றங்களோடு 1956இல் பொம்மைச் சந்தைக்கு வந்தது. இதைச் சொன்னபோது அச்சகக்காரர் சிரித்துவிட்டு, "என் மெஷின் அரை நாள் சும்மாதான் கிடக்கு" என்றார். பெரிய அச்சகங்கள் தொடாத சின்ன ஆர்டர்களை, பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு எடுக்கத் தொடங்கினார்.

பழைய விற்பனை இன்னும் திரும்பவில்லை. ஆனால் எந்த ஒரு வாடிக்கையாளரும் இப்போது கால்பங்குக்கு மேல் இல்லை. திங்கள்தோறும் அந்த 13 கோட்டுத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். போன வாரம் பதினோராவது கோட்டில் சிவப்பு வட்டம் போட்டு, "சார், இதுக்கு இப்பவே என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருந்தார்.